கனிம வேதியியல் வினைகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

பிளஸ் டூ மாணவர்களுக்கும் நீட் எழுதுகிறவர்களுக்கும் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். வாய்பாடு போடாமல் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறேன். படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு சமன்பாடுகளை நீங்களே எழுதிச் சமன் செய்துகொண்டு வாருங்கள். அதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

சார், கனிம வேதியியல்னாலே மனப்பாடம்தானே? புரிஞ்சு படிக்க அதுல என்ன இருக்கு?

மனப்பாடமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பி-தொகுதி, டி-தொகுதிப் பாடங்களில் பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடு இருப்பதைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் நடப்பது நான்கே காரியங்கள்: எலக்ட்ரான் கைமாறும், புரோட்டான் கைமாறும், கரைசலில் இருந்த அயனிகள் சேர்ந்து வீழ்படிவாகவோ வாயுவாகவோ வெளியேறும், இல்லையென்றால் உலோக அயனியை ஈனிகள் (எலக்ட்ரான் இணையைத் தந்து ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள்) சூழ்ந்துகொண்டு அணைவு உண்டாகும்.

மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசல் ஒன்றிலேயே நான்கையும் பார்த்துவிடலாம். நீல லிட்மஸ் தாளை நனைத்தால் சிவக்கும். தாமிர அயனியைச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறு புரோட்டானை விட்டுக்கொடுக்கிறது. சுத்தமான இரும்பு ஆணியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாகச் செம்பு படியும். இது எலக்ட்ரான் வேலை. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் வெளிர்நீல வீழ்படிவு. அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் அதே மாதிரி வீழ்படிவு வரும், மேலும் விட்டால் அது கரைந்து கண்ணைப் பறிக்கும் அடர்நீலம் ஆகும், அது அணைவு. இதையே நான்கு தனிச் சமன்பாடுகளாக உருப்போட்டவருக்கு, செம்புக்குப் பதில் நிக்கல் என்று கேட்டால் கை நின்றுவிடும்.

ஒரு வினையைப் பார்த்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?

ஆக்சிஜனேற்ற எண் (சேர்மத்தில் ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக அல்லது வாங்கியதாகக் கணக்கு வைக்கும் எண்) மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் எலக்ட்ரான் வினை. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று தேட வேண்டும். மாறவில்லை என்றால் அமிலமும் காரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வீழ்படிவு, வாயு, அணைவு என்று வரிசையாகப் போகலாம்.

இந்த வரிசை எதற்கு என்றால், நிறம் நம்மை ஏமாற்றும். மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட்டில் அமிலம் விட்டால் ஆரஞ்சு நிற டைகுரோமேட் ஆகிறது. ‘நிறம் மாறிவிட்டது, ஆக்சிஜனேற்றம்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. எண்ணைப் போட்டுப் பாருங்கள்: இரண்டிலும் குரோமியம் +6 தான். ஒரு எலக்ட்ரான்கூட நகரவில்லை. அமிலம் சேர்ந்ததும் இரண்டு குரோமேட் அயனிகள் ஒரு நீர் மூலக்கூறை வெளியே தள்ளிவிட்டு ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். அதனால்தான் காரம் விட்டதும் மறுபடி மஞ்சளாகிவிடுகிறது.

ஆக்சிஜனேற்ற எண் போடத் தெரியும். அதை வச்சு என்ன விளையும்னு எப்படிச் சொல்றது?

ஒரு தனிமத்தின் உச்ச நிலை எது, அடிமட்ட நிலை எது என்று தெரிந்தால் போதும். உச்சத்தில் இருப்பது எலக்ட்ரானை வாங்கத்தான் முடியும். அடிமட்டத்தில் இருப்பது கொடுக்கத்தான் முடியும். நடுவில் இருப்பது ஆளைப் பார்த்து நடந்துகொள்ளும்.

கந்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடில் −2, தனிமமாக இருக்கும்போது 0, சல்ஃபர் டைஆக்சைடில் +4, கந்தக அமிலத்தில் +6. எனவே ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுப்பது) மட்டுமே. கந்தக அமிலத்தில் உள்ள கந்தகம் ஆக்சிஜனேற்றி (எலக்ட்ரான் வாங்குவது) மட்டுமே. சல்ஃபர் டைஆக்சைடு பெர்மாங்கனேட்டைக் கண்டால் எலக்ட்ரான் கொடுத்து சல்ஃபேட் ஆகும். ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கண்டால் வாங்கும். −2ம் +4ம் சந்தித்தால் இடையில் நிற்க வசதியான இடம் 0. அதனால் விளைவது மஞ்சள் கந்தகமும் நீரும். எத்தனைக்கு எத்தனை? ஒரு சல்ஃபர் டைஆக்சைடுக்கு 4 எலக்ட்ரான் வேண்டும், ஒரு ஹைட்ரஜன் சல்ஃபைடு தருவது 2. ஆக ஒன்றுக்கு இரண்டு.

நைட்ரஜனுக்கு −3 முதல் +5 வரை, குளோரினுக்கு −1 முதல் +7 வரை இதே மாதிரி ஏணி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பி-தொகுதிக்கு இதைவிட நல்ல குறிப்பு நான் பார்த்ததில்லை.

இரும்பு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோட சேர்ந்தா ஃபெரஸ் குளோரைடு, குளோரினோட சேர்ந்தா ஃபெரிக் குளோரைடு. ஏன் மாறுது?

எதிரே நிற்பவர் எவ்வளவு பலசாலி என்பதுதான் விஷயம். அமிலத்தில் எலக்ட்ரானை வாங்குவது ஹைட்ரஜன் அயனி. அதன் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானை இழுக்கும் பலத்தை வோல்ட்டில் சொல்லும் அளவு; எண் கூடினால் இழுப்பும் கூடும்) 0. இரும்பு உலோகத்துக்கு −0.44 வோல்ட் என்பதால் அதிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களை ஹைட்ரஜன் அயனியால் பிடுங்க முடிகிறது. மூன்றாவதைப் பிடுங்க +0.77 வோல்ட்டைத் தாண்டியாக வேண்டும். அது முடியாது. குளோரினுக்கு +1.36, அது மூன்றையும் எடுத்துக்கொள்ளும்.

இதே கணக்கில் அயோடினைப் போட்டுப் பாருங்கள். +0.54 தான். 0.77ஐத் தாண்டவில்லை. அதனால் அயோடின் இரும்பை +2 வரைதான் ஏற்றும். இன்னொரு பக்கமாகப் பார்த்தால், ஃபெரிக் கரைசலில் அயோடைடு சேர்த்தால் ஃபெரிக் அயோடைடு கிடைக்காது. அயோடைடு எலக்ட்ரானைக் கொடுத்து அயோடின் ஆகிவிடும், கரைசல் பழுப்பாகும். ‘ஃபெரிக் அயோடைடு ஏன் நிலைப்பதில்லை’ என்ற கேள்விக்கு விடை இதுவே.

செம்பு ஹைட்ரோகுளோரிக்ல கரையல, நைட்ரிக்ல கரையுது. ரெண்டும் அமிலம்தானே?

அமிலம் என்ற பெயரை மறந்துவிட்டு, எலக்ட்ரானை வாங்கப்போவது யார் என்று கேளுங்கள். செம்பின் மின்னழுத்தம் +0.34. ஹைட்ரஜன் அயனியால் (0) அதைத் தொட முடியாது. நைட்ரிக் அமிலத்தில் ஹைட்ரஜன் அயனியோடு நைட்ரேட் அயனியும் இருக்கிறது. நைட்ரஜன் அங்கே உச்சமான +5ல் நிற்கிறது. நைட்ரேட் நைட்ரிக் ஆக்சைடாக இறங்குவதற்கு +0.96. செம்பு கரைவது அதனால்தான், ஹைட்ரஜன் வாயு வராததும் அதனால்தான்.

நீர்த்த அமிலத்தில் இதைச் செய்யும்போது சோதனைக் குழாயின் வாயைக் கவனியுங்கள். செம்புத் துண்டின் மேல் குமிழ் நிறமில்லாமல் கிளம்பும், கரைசல் மெல்ல நீலமாகும். மேலே காற்று படுகிற இடத்தில் மட்டும் வாயு பழுப்பாகும். நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டைஆக்சைடு ஆகும் இடம் அது. அடர் அமிலத்தில் குழாய் முழுக்க எடுத்ததுமே பழுப்புப் புகைதான். உண்டாகிற நைட்ரிக் ஆக்சைடை அங்கே நிறைந்திருக்கும் அமிலமே +4க்கு ஏற்றிவிடுகிறது. புகை நஞ்சு. புகைக் கூண்டுக்குள் மட்டும் செய்யுங்கள்.

சோடியம் குளோரைடுல அடர் கந்தக அமிலம் ஊத்தினா ஹைட்ரஜன் குளோரைடு. அதையே சோடியம் அயோடைடுக்கு எழுதினேன், மார்க் போச்சு. ஏன்?

நீங்கள் எழுதியது பாதி சரி. முதலில் புரோட்டான் கைமாறி ஹைட்ரஜன் அயோடைடு வரத்தான் செய்யும். ஆனால் அது அங்கே நிம்மதியாக இருக்காது. அடர் கந்தக அமிலம் ஆக்சிஜனேற்றியும்கூட (கந்தகம் +6). ஹாலைடுகளில் எலக்ட்ரானை மிக எளிதாகக் கொடுப்பது அயோடைடு. எனவே ஊதா ஆவியாக அயோடின் கிளம்பும். கந்தகம் −2 வரை கீழே இறங்கி அழுகிய முட்டை நாற்றம்கூட வரும். புரோமைடு நடுத்தரம்: புரோமினும் சல்ஃபர் டைஆக்சைடும். குளோரைடு எலக்ட்ரானை விடாது, அதனால் புரோட்டான் வினையோடு நின்றுவிடும்.

ஹைட்ரஜன் அயோடைடு வேண்டும் என்றால் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்துவது இதனால்தான். அது புரோட்டானைக் கொடுக்கும், எலக்ட்ரானுக்கு அலையாது.

குளிர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடுல குளோரின் ஒண்ணு தருது, சூடானதுல வேற தருது. எப்பவும் குழம்புது.

இரண்டிலும் குளோரினே கொடுப்பவர், குளோரினே வாங்குபவர். 0ல் இருந்து ஒரு பகுதி −1க்கு இறங்குகிறது, மறு பகுதி ஏறுகிறது. குளிர்ந்த நீர்த்த காரத்தில் +1 (ஹைப்போகுளோரைட்) வரை. சூடான அடர் காரத்தில் +5 (குளோரேட்) வரை. சூட்டில் ஹைப்போகுளோரைட் தாக்குப்பிடிக்காமல் மேற்கொண்டு பிரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு அதிகம், ஏற்றமும் அதிகம். சமன்பாட்டின் எண்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம்: ஒன்று 5 படி ஏறினால் ஐந்து பேர் 1 படி இறங்கியாக வேண்டும். எனவே ஐந்து குளோரைடுக்கு ஒரு குளோரேட்.

ஃபுளுரினுக்கு இது பொருந்தாது. அதற்கு நேர் ஆக்சிஜனேற்ற நிலையே கிடையாது, ஏற இடமில்லை. குளிர்ந்த நீர்த்த காரத்தில் அது ஆக்சிஜனைத்தான் ஏற்றிவிடும்; ஆக்சிஜன் டைஃபுளுரைடு கிடைக்கும், அதில் ஆக்சிஜனுக்கு +2.

பெர்மாங்கனேட் அமிலத்துல 5 எலக்ட்ரான் வாங்குது, நடுநிலையில 3, வலுவான காரத்துல 1. இதை எப்படி ஞாபகம் வச்சுக்கறது?

எலக்ட்ரானை விட்டுவிட்டு ஆக்சிஜனை எண்ணுங்கள். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். மாங்கனீசு +2க்கு இறங்கித் தனி அயனியாக நிற்க வேண்டுமானால் நான்கும் கழன்றாக வேண்டும். கழன்ற ஆக்சிஜன் நீராக வேண்டும்; அதற்கு 8 ஹைட்ரஜன் அயனிகள் தேவை. அமிலத்தில் அது தாராளமாகக் கிடைக்கும். நடுநிலையில் கிடைப்பது குறைவு. இரண்டு ஆக்சிஜன் மட்டும் கழன்று பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடாக நின்றுவிடுகிறது. வலுவான காரத்தில் ஹைட்ரஜன் அயனியே இல்லை என்று சொல்லலாம். ஒரு ஆக்சிஜனும் கழலாது, ஒரு எலக்ட்ரானை மட்டும் வாங்கிப் பச்சை நிற மாங்கனேட் ஆகும்.

கூடவே வரும் கேள்வி, அமிலமாக்க ஏன் நீர்த்த கந்தக அமிலத்தையே எடுக்கிறோம் என்பது. பெர்மாங்கனேட்டுக்கு +1.51, குளோரினுக்கு +1.36. ஹைட்ரோகுளோரிக் விட்டால் குளோரைடையே அது ஆக்சிஜனேற்றிவிடும், தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) கணக்கு தப்பாகும். நைட்ரிக் தானே ஓர் ஆக்சிஜனேற்றி என்று செம்புக் கேள்வியில் பார்த்தோம்.

சால்ட் அனாலிசிஸ்ல அந்தத் தொகுதி வரிசை எதுக்கு? ஏன் அம்மோனியம் குளோரைடு போட்டுட்டு அப்புறம் அம்மோனியம் ஹைட்ராக்சைடு?

உப்பில் எந்த உலோக அயனி இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அயனிகளைத் தொகுதி தொகுதியாக வீழ்படிவாக்கிப் பிரிக்கிறோம். ஒரே கரணியை (சேர்க்கும் வினைப்பொருளை) அளந்து அளந்து கொடுப்பதுதான் அந்த வரிசையின் சூட்சுமம். இரண்டாம் தொகுதியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, நான்காம் தொகுதியிலும் அதுவே. முன்னதில் அமிலம் இருப்பதால் ஹைட்ரஜன் சல்ஃபைடு பிரிகை அடங்கி, சல்ஃபைடு அயனி மிகக் கொஞ்சமாக இருக்கும். தாமிரம், காரீயம் போன்றவற்றின் சல்ஃபைடுகளுக்குக் கரைதிறன் பெருக்கம் (இது சிறியதாக இருந்தால் உப்பு எளிதில் வீழ்படிவாகும்) மிகமிகச் சிறியது. அந்தக் கொஞ்சமே போதும், வீழ்படிவாகிவிடும். துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் கரைசலில் தங்கிவிடும். பிறகு அம்மோனியாவால் காரமாக்கினால் சல்ஃபைடு அயனி பெருகும், அப்போது இவை வரும்.

மூன்றாம் தொகுதியிலும் இதே தந்திரம். அம்மோனியம் குளோரைடு தரும் அம்மோனியம் அயனி, பொது அயனி விளைவால் ஹைட்ராக்சைடு அளவைக் குறைத்துவிடுகிறது. அலுமினியத்துக்கும் ஃபெரிக் அயனிக்கும் அது போதும்; மக்னீசியம் போன்றவை தப்பித்து அடுத்தடுத்த தொகுதிக்குப் போகும். அம்மோனியம் குளோரைடு போட மறந்தால் மூன்றிலேயே எல்லாம் கலந்து வந்து நிற்கும். லேபில் விடை தப்பாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அலுமினியம், துத்தநாகம் ரெண்டோட ஹைட்ராக்சைடும் சோடியம் ஹைட்ராக்சைடுல கரையுது. ஆனா அம்மோனியாவுல துத்தநாகம் மட்டும் கரையுது. ரெண்டும் ஈரியல்புன்னுதானே படிச்சோம்?

கரைவது ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் வேறு. சோடியம் ஹைட்ராக்சைடில் நடப்பது ஈரியல்பு, அதாவது அமிலத்திலும் காரத்திலும் கரையும் குணம்: கூடுதல் ஹைட்ராக்சைடு சேர்ந்து அலுமினேட், ஜிங்கேட் ஆகின்றன. அம்மோனியா வீரியம் குறைந்த காரம். அந்த அளவு ஹைட்ராக்சைடை அதனால் தர முடியாது. அதனால் அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழ் மாதிரி அப்படியே கிடக்கும். துத்தநாகத்துக்கு வேறொரு வழி இருக்கிறது: நைட்ரஜன் ஈனிகளை அது விரும்பி ஏற்கும், நான்கு அம்மோனியாவோடு அணைவாகிக் கரைந்துவிடும். அலுமினிய அயனிக்கு ஆக்சிஜன் மேல்தான் பிடிப்பு.

சில்வர் குளோரைடு அம்மோனியாவுல கரையுது, சில்வர் அயோடைடு கரையல. இதுவும் அணைவுதானே?

அணைவுதான். ஆனால் இங்கே வெள்ளி அயனிக்காக இரண்டு பேர் இழுக்கிறார்கள்: அம்மோனியா ஒரு பக்கம், ஹாலைடு மறுபக்கம். கரைதிறன் பெருக்கம் குளோரைடுக்கு 10⁻¹⁰, புரோமைடுக்கு 10⁻¹³, அயோடைடுக்கு 10⁻¹⁶ என்ற அளவில் இருக்கிறது. குளோரைடிடமிருந்து அம்மோனியா எளிதாகப் பறித்துவிடும், புரோமைடிடம் அடர் அம்மோனியாவே தடுமாறும், அயோடைடிடம் தோற்கும். சயனைடு அம்மோனியாவைவிட வலுவான ஈனி. அதில் சில்வர் அயோடைடும் கரைகிறது.

காரீயம் மட்டும் ஏன் எல்லா இடத்துலயும் விதிவிலக்கா வருது?

பதினான்காம் தொகுதியில் கார்பனும் சிலிக்கானும் +4ல் நிம்மதியாக இருக்கும். கீழே போகப்போக வெளிக்கூட்டின் இரண்டு எஸ்-எலக்ட்ரான்கள் பிணைப்பில் கலந்துகொள்ளத் தயங்கும். இதுதான் மந்த இணை விளைவு. காரீயத்துக்கு +2தான் வசதி. எனவே +4ல் இருக்கும் காரீயம் எப்போதும் எலக்ட்ரானைத் தேடிக்கொண்டிருக்கும். லெட் டைஆக்சைடில் அடர் ஹைட்ரோகுளோரிக் விட்டால் குளோரின் வருவது இதனால்தான். லெட் டெட்ராஅயோடைடு ஏன் இல்லை என்பதற்கு ஃபெரிக் அயோடைடு பதிலையே திருப்பி எழுதலாம்.

பக்கத்துத் தொகுதியில் தாலியத்துக்கும் இதே கதை. தாலியம் ட்ரைஅயோடைடு என்று ஒன்று உண்டு. அதைப் பார்த்து +3 என்று எழுதிவிடாதீர்கள். அதில் தாலியம் +1, எதிரில் இருப்பது மூன்று அயோடின் அணுக்கள் கோத்த ஒரே ட்ரைஅயோடைடு அயனி.

மின்னழுத்தம் எல்லாம் பார்த்து ‘வினை நடக்கும்’னு எழுதினேன். நடக்காதுன்னு சொல்றாங்க. அப்ப கணக்கு பொய்யா?

கணக்கு சொல்வது நடக்கச் சாத்தியம் உண்டா என்பதை. எவ்வளவு வேகத்தில் என்பதை அது சொல்லாது. அலுமினியத்துக்கு −1.66 வோல்ட், இந்தக் கணக்குப்படி சமையல் பாத்திரம் தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். மேலே படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலம் காப்பாற்றுகிறது. அடர் நைட்ரிக்கில் இரும்பு செயலற்றுப் போவதும் படலத்தால்தான். அமிலம் கலந்த பெர்மாங்கனேட் (+1.51) நீரையே ஆக்சிஜனாக்க வேண்டும், அதற்கு 1.23 போதும். ஆக்கவும் செய்கிறது, ஆனால் மிக மெதுவாக. வெளிச்சம் பட்டால் சிதைவு கூடும் என்பதால்தான் அந்தக் கரைசலைப் பழுப்புப் பாட்டிலில் வைக்கிறார்கள்.

அப்போ மனப்பாடமே வேண்டாமா?

வேண்டும். தனிம வரிசை அட்டவணையின் முதல் முப்பது தனிமங்கள், பொதுவான அயனிகளின் பெயரும் மின்சுமையும், கரைதிறன் விதிகள், பத்துப் பன்னிரண்டு மின்னழுத்த மதிப்புகள், வீழ்படிவு நிறங்கள், சுடர் நிறங்கள். இவற்றை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. நிக்கல் டைமெத்தில் கிளையாக்சைமோடு ரோஸ் சிவப்பு வீழ்படிவு தரும் என்பதைத் தேர்வறையில் உட்கார்ந்து வருவிக்க நினைப்பது வீண். தொழில்முறைத் தயாரிப்புகளின் வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி இவையும் படித்தே ஆக வேண்டியவை.

என் பையன் நீட்டுக்குப் படிக்கிறான். இப்படி யோசிச்சுக்கிட்டே இருந்தா நேரம் பத்துமாங்க?

2025 நீட் தேர்வில் 180 கேள்விக்கு 180 நிமிடம். அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் வருவிக்க நேரமில்லை என்பது உண்மைதான். வருவிப்பது வீட்டில் நடக்க வேண்டும். நான்கைந்து முறை காரணம் சொல்லி எழுதிய சமன்பாடு தானாகவே மனதில் தங்கிவிடும். மறந்தாலும் திரும்பக் கொண்டுவர வழி இருக்கும். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் மட்டும் இதை இப்போது தொடங்க வேண்டாம், பழைய வினாத்தாளைப் போடச் சொல்லுங்கள்.

புத்தகத்துலயே இல்லாத வினையை இப்படி யோசிச்சுச் சொல்லிட முடியுமா, இல்ல தெரிஞ்சதுக்குக் காரணம் சொல்றது மட்டும்தானா?

சொல்லியிருக்கிறார்கள். மந்த வாயுக்கள் எதோடும் சேராது என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளுரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்குச் சுமார் 1175 கிலோஜூல். அட்டவணையில் செனானைப் பார்த்தார்: 1170. ஆக்சிஜனிடமிருந்து எடுக்க முடிந்தால் செனானிடமிருந்தும் எடுக்க முடிய வேண்டுமே. 1962ல் இரண்டு வாயுக்களையும் கலந்தார். அடர்சிவப்பு ஆவி மறைந்து மஞ்சள் கலந்த ஆரஞ்சுத் திண்மம் படிந்தது. அவர் முதலில் கொடுத்த எளிய வாய்பாடு முழுக்கச் சரியில்லை, விளைபொருள் ஒரு கலவை என்று பிற்பாடு தெரியவந்தது. ஆனால் செனான் வினைப்பட்டது என்பதில் மாற்றமில்லை. அந்த ஆண்டிலேயே செனான் டெட்ராஃபுளுரைடும் தயாரிக்கப்பட்டுவிட்டது.